மணவறைக்குக் கடன் வேண்டாம்: தேற்றாத்தீவில் கைப்பூக்களால் ஒரு கலியாணம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே வந்தால், செட்டிபாளையமும் மாங்காடும் கழிந்தபின் தேற்றாத்தீவு வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே வீதி. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கொட்டையைத் தரும் தேற்றா மரத்தோடு சேர்த்தே ஊரின் பெயரைச் சொல்வது வழக்கம். 2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் அந்த ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் என்னுடைய கலியாணம் நடந்தது. மணவறையில் இருந்த 200 பூக்களில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியது அல்ல.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் களுதாவளையிலிருந்தும் குருக்கள்மடத்திலிருந்தும் மூன்று பேர் வந்து, "எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டார்கள். மூவருக்கும் கலியாண நாள் வைத்தாயிற்று. மூவர் வீட்டிலும் தகப்பன் இல்லை. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

ஏன் கையால் செய்யவேண்டி வந்தது?

மட்டக்களப்பில் கலியாணம் பெண் வீட்டில் நடக்கும். வீடும் பெண்ணுக்குத்தான். தாய்வழிக் குடி முறை உள்ள எங்கள் பகுதியில், மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதே பெற்றோரின் பெரிய கடமை. வீட்டுக்குச் சீமெந்தும் ஓடும் வாங்கி முடிவதற்குள் பல தாய்மாரின் நகை அடகுக்குப் போய்விடும். அதற்குமேல் கலியாணச் செலவு. அண்மைக் காலத்தில் அதில் வேகமாக வளர்ந்த பகுதி மணவறைச் சோடனைதான். இருபது வருடத்துக்கு முன் வாழைமரமும் குருத்தோலைத் தோரணமும் ஒரு சோடி குத்துவிளக்கும் போதுமாக இருந்தன. இப்போது மணவறைக்கு ஒரு தொகை, வாசல் வளைவுக்கு ஒரு தொகை, படம் எடுக்கும் பின்னணிக்கு வேறொரு தொகை. எங்களிடம் கேட்கப்பட்ட மொத்தத் தொகை என்னுடைய மூன்று மாத வருமானத்தைவிடக் கூட.

2022 நெருக்கடியை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள்கூடப் பிற்போடப்பட்டன. பிறகு விலை ஏறும் வேகம் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நுண்கடன் வருகிறது. கலியாணக் கடன், "ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம்" என்ற நம்பிக்கையில் தொடங்கும். கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் படலையில் நிற்கும்போதுதான் அதன் பாரம் தெரியும். 2021 மார்ச் மாதம் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கியதைப் படித்திருப்பீர்கள். அவர்கள் சிங்களத்தில் சொன்ன கதைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் தமிழில் சொல்லும் கதைக்கும் வித்தியாசம் இல்லை. ஒரே ஒருநாள் சோடனைக்காக அந்தக் கதைக்குள் போக நான் விரும்பவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருதடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடை வந்தது. உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு போன்றவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே "மலிவாக பிளாஸ்டிக் மாலை வாங்கித் தொங்கவிடுவோம்" என்ற வழியும் சரிவராது.

எது கடதாசியாக இருக்கலாம், எது கூடாது?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கலியாணத்தன்று மாமிமாரோடு வாக்குவாதம் வரும். சைவக் கலியாணத்தில் மணமாலை, பூசைக்கும் அர்ச்சனைக்கும் உரிய பூ, அறுகம்புல், கும்பத்து மாவிலை ஆகியவை இயற்கையானவையாக இருக்கவேண்டும். கைப்பூவுக்கு இடம் மணவறையின் பின்பக்கம், தூண்கள், வாசல் வளைவு, வரவேற்பு மேசை, வட்டாக்களின் விளிம்பு, கொட்டகையின் கூரை ஆகியவற்றில். தேவாலயக் கலியாணம் என்றால் மணப்பெண்ணின் பூங்கொத்தையும் கையாலேயே செய்யலாம்.

நாங்கள் பூக்காரரிடம் வாங்கியது இரண்டு மாலையும் கொஞ்சம் மல்லிகைச் சரமும்தான். பூசைக்கு வேண்டிய நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் அயலட்டை வேலிகளில் கிடைத்தன. வெற்றிலைக்குக் களுதாவளை இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

கிறேப் கடதாசிப் பூ

சாதாரணக் கிறேப் கடதாசிச் சுருள் ஒன்று 50 சென்ரிமீற்றர் அகலமும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் இருக்கும். அதில் சுருக்கங்கள் ஒரே திசையில் ஓடும். கடதாசியைக் குறுக்கே இழுத்தால் விரியும், சுருக்கத்தின் வழியே இழுத்தால் விரியாது. இதழ் வெட்டும்போது சுருக்கம் இதழின் அடியிலிருந்து நுனிக்கு நிற்கவேண்டும். மாறி வெட்டினால் இதழ் குழியாது, பூ தட்டையாகிவிடும். முதல்நாள் நாங்கள் வெட்டியதில் பாதி இப்படித்தான் வீணாகியது.

ஒரு றோசாப்பூவுக்கு 5 சென்ரிமீற்றர் சதுரத்தில் 5 சின்ன இதழ், 6 சென்ரிமீற்றர் அகலமும் 7 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட 10 பெரிய இதழ் போதும். கழிவு போக ஒரு சுருளில் 15 பூ வரும். 200 பூவுக்கு 14 சுருள் என்று கணக்கு வையுங்கள்.

காம்புக்குக் கம்பி வாங்கவேண்டியதில்லை. தென்னை ஈர்க்கு நல்ல காம்பு. ஈர்க்கின் நுனியில் ஒரு துண்டுக் கடதாசியை இறுகச் சுற்றி மொட்டாக்குங்கள். இதழின் நடுவை இரண்டு பெருவிரலாலும் மெல்ல விரித்தால் சிரட்டை போலக் குழியும். மேல் விளிம்பை இன்னொரு ஈர்க்கில் சுற்றி விட்டால் வெளியே சுருளும். சின்ன இதழ்களை முதலிலும் பெரியவற்றைப் பிறகும் ஒன்றுக்கு ஒன்று பாதி மூடும்படி வைத்து நூலால் கட்டுங்கள். பசையைவிட நூல் உறுதி. கோதுமை மாப் பசை காய்ச்சுவதானால் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பழைய பசை மணக்கும், கரப்பானும் வரும். கடைசியாக அடியில் பச்சைக் கடதாசிக் கீற்றைச் சுற்றி நூலை மறைத்துவிடுங்கள்.

பழகாத கைக்கு ஒரு பூ 20 நிமிடம் எடுக்கும். நாலைந்து செய்தபின் 10 நிமிடம் போதும். 200 பூவுக்கு 2,000 நிமிடம், அதாவது ஏறத்தாழ 33 மணித்தியாலம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 7 மணித்தியாலம்கூட இல்லை. ஒருவர் வெட்ட, ஒருவர் குழிக்க, மற்றவர்கள் கட்ட என்று வேலையைப் பிரித்தால் இன்னும் கெதியாக முடியும்.

எத்தனை பூ வேண்டும்?

பலர் பிழைவிடுவது இங்கேதான். எட்டடிக்கு எட்டடிப் பின்னணி என்றால் 64 சதுர அடி. பத்து சென்ரிமீற்றர் பூவாக நெருக்கி வைத்தால் ஒரு சதுர அடிக்கு 9 பூ வேண்டும். முழுவதையும் மூட 576 பூ! அது தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது கமரா பிடித்த அனுபவம் எனக்கு இதில் உதவியது. படத்தில் மணமக்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பூ ஒன்றும் தெரியாது. மேலே இரண்டு மூலைகளும், அங்கிருந்து பக்கவாட்டில் இறங்கும் இரண்டு கொடிகளும்தான் கண்ணுக்குப் படும். அந்த இடங்களில் நெருக்கி வைத்து, நடுவில் ஒரு வெளிர்நிறச் சேலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். 200 பூ போதுமானதாக இருந்தது.

பூக்களைக் குத்திவைக்க ரெஜிபோம் பலகை வாங்கத் தேவையில்லை. வைக்கோலை இறுகச் சுற்றி, சாக்குத் துணியால் மூடித் தைத்துத் தடியில் கட்டினால் ஈர்க்குக் காம்பு அதில் நன்றாக நிற்கும்.

குருத்தோலையும் பனையோலையும்

வாசலுக்குக் குருத்தோலையை வெல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தென்னைக்கு வளரும் நுனி ஒன்றுதான். ஆழமாக வெட்டி அந்த நுனி பழுதானால் மரமே போய்விடும். விரியாத குருத்தை மட்டும், மரம் ஏறிப் பழகிய ஒருவரைக் கொண்டு, ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் இல்லாமல் எடுங்கள். வீழ்த்தப்போகிற மரம் ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. முதல்நாள் பின்னேரம் வெட்டி, ஈரச் சாக்கால் சுற்றி நிழலில் வையுங்கள். ஒரு நாளுக்குமேல் நிறம் மங்கத் தொடங்கும். மங்கலத் தோரணத்துக்கும் அமங்கலத் தோரணத்துக்கும் மடிப்பில் வித்தியாசம் உண்டு. கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கையாலே முதல் மடிப்பைப் போடவையுங்கள்.

பனையோலைப் பூ நின்று பிடிக்கும். இளம் ஓலையை உலர்த்தி, சாயம் கரைத்த கொதிநீரில் போட்டெடுத்து, மடிப்பதற்கு முன் மீண்டும் தண்ணீரில் நனைத்தால் வெடிக்காது. அப்படிச் செய்த றோசாக்களை மாதக்கணக்கில் வைக்கலாம். வரவேற்பு மேசையில் வைத்த எங்கள் பனையோலைப் பூக்கள் இன்றைக்கும் விறாந்தையில் இருக்கின்றன.

எங்கள் பகுதிக்கு இந்த வேலை புதிதும் அல்ல. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பையும் முடியையும் ஊரிலேயே கட்டியவர்கள் நம்மவர்கள். கண்ணகியம்மன் குளுத்திக்குப் பந்தல் சோடித்த கைகளும் இவைதான். தஞ்சாவூரில் நீர்நிலைச் செடியின் வெண்தண்டை மெல்லச் சீவிச் செய்யும் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் மாப்பிள்ளை தலையில் அணியும் முடி இதே வகைத் தண்டில்தான் செய்யப்படுகிறது. அங்கே அதை யாரும் வசதியில்லாதவரின் வேலை என்று சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியாவில் சீனிக்குப் பங்கீடு வந்தபோது, மட்டையால் செய்த கேக் மூடியைச் சின்னக் கேக்கின்மேல் கவிழ்த்துக் கலியாணம் செய்தார்கள். போருக்குப்பின் பரசூட் பட்டுத் துணியில் மணப்பெண் உடுப்புத் தைத்தார்கள். போர் கண்ட ஊர்களில் கலியாணம் நின்றுபோவதில்லை. கிடைக்கிறதைக் கொண்டு நடக்கும்.

கவனிக்கவேண்டிய மூன்று

ஒன்று, ஈரம். கிறேப் கடதாசிச் சாயம் தண்ணீர் பட்டால் இறங்கும், சிவப்பு மிக மோசம். செய்து முடித்த முதல் 30 பூவை நான் இரவு விறாந்தையில் விட்டேன். விடியப்புறம் ஒரு தூறல். காலையில் அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு. அது கூறைச் சேலையாக இருந்திருந்தால்? கடதாசி வாங்கும்போதே ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். மணப்பெண் சாயும் இடத்தில் கடதாசிப் பூ வைக்கவேண்டாம். பூக்களை மட்டைப்பெட்டியில், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். மாரி மழையில், ஐப்பசி முதல் தை வரை, கலியாணம் என்றால் வெளிவாசலுக்குக் கடதாசியே வேண்டாம், ஓலை போதும்.

இரண்டு, நெருப்பு. ஓமம், குத்துவிளக்கு, கற்பூர ஆராத்தி ஆகியவற்றிலிருந்து கடதாசிப் பூ ஒரு மீற்றருக்குக் குறையாமல் விலகி இருக்கவேண்டும். ஈரத்துக்குப் பாதுகாப்பாக மெழுகில் தோய்த்த பூக்கள் இன்னும் கெதியாகப் பற்றும். சூடேறும் பழைய மின்குமிழ்களுக்குப் பதிலாக எல்.ஈ.டி. சரவிளக்குப் போடுங்கள். மணவறைக்குப் பின்னால் ஒரு வாளி மண் இருக்கட்டும்.

மூன்று, காலம். கடைசிக் கிழமைக்கு எதையும் வைக்காதீர்கள். பனையோலைப் பூ இரண்டு மாதம் முன், கடதாசிப் பூ ஒரு மாதம் முன், தட்டிகளும் வைக்கோல் கட்டும் ஒரு கிழமை முன், குருத்தோலை முதல்நாள். இந்த ஒழுங்கில் செய்தால் கலியாணத்துக்கு முதல் இரவு நித்திரை கொள்ளலாம்.

யாருடைய கை?

செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். முடியும்போது கணக்கு வேறாக இருந்தது.

1990இல் அப்பாவைக் கொண்டுபோனபோது நான் கைக்குழந்தை. அவர் திரும்பவில்லை. அம்மா மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. பொட்டை அழிக்கவும் இல்லை, பெரிதாக வைக்கவும் இல்லை. முப்பத்துநாலு வருடமாக ஊரில் எந்தக் கலியாண வீட்டிலும் அவர் குசினிப் பக்கம்தான். அரிசி புடைப்பார், பலகாரம் சுடுவார். பொன்னுருக்கு, கன்னிக்கால், ஆராத்தி என்று வந்தால் தானாகவே பின்னுக்கு நகர்ந்துவிடுவார். யாரும் போகச் சொல்வதில்லை, யாரும் நிற்கச் சொல்வதும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படிப் பின்னுக்கு நிற்கிற பெண்கள் எத்தனை வீட்டில் என்று இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

என் கலியாணப் பேச்சு எடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "நான் மணவறைக்குக் கிட்ட வரமாட்டன் மகள். நல்ல காரியத்துக்கு நான் கை வைக்க ஒண்ணா. பெரியம்மா எல்லாம் பாப்பா."

நான் வாதாடவில்லை. கடதாசியையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து வைத்தேன். பூக்கட்டுவதற்கு யாரும் சாத்திரம் சொல்லவில்லை. முதல்நாள் அம்மாவும் பெரியம்மாவும் இரண்டு மச்சாள்மாரும் நானும் இருந்தோம். மூன்றாம் நாள் அடுத்த வளவு மாமி வந்தார், அவருடைய கணவர் 2007இல் இல்லாமல் போனவர். படுவான்கரையிலிருந்து சனங்கள் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்து வந்த அந்தக் காலத்தில் நடந்ததை, இதழ் குழித்துக்கொண்டே அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். யாரும் அழவில்லை. கை வேலையாக இருந்தால் வாய் கொஞ்சம் இலேசாகத் திறக்கும்போல.

ஒருநாள் பெரியம்மா ஒரு பழைய நைலெக்ஸ் சாறியைக் கொண்டுவந்தார். அம்மாவுடையது, கலியாணமான புதிதில் அப்பா வாங்கிக் கொடுத்தது. 2004 சுனாமி எங்கள் பழைய வீட்டோடு அம்மாவின் கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனது. அந்தச் சாறி மட்டும் பெரியம்மாவின் பெட்டிக்குள் இருந்ததால் தப்பியது. "பூச்செய்ய நல்ல துணி கா," என்றார் பெரியம்மா. நான் வேண்டாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானே கத்தரிக்கோலை எடுத்தார்.

செயற்கை இழைத் துணியின் விளிம்பை மெழுகுதிரிச் சுவாலைக்குக் கிட்டக் காட்டினால் உருகிச் சுருளும், நூல் பிரியாது. பருத்தித் துணி என்றால் எரிந்துபோகும், அதற்கு இந்த வேலை செய்யக்கூடாது. அம்மா ஒவ்வொரு இதழாகச் சுவாலையில் காட்டிச் சுருட்டினார். 12 பூ வந்தது. மணவறையின் உச்சியில் வைத்தோம்.

கலியாணத்தன்று அம்மா சொன்னபடியே குசினி வாசலில் நின்றார். ஆராத்தி எடுத்தது பெரியம்மாவும் மாமியும். நான் எதுவும் சொல்லவில்லை, ஒருநாளில் மாறும் விடயம் அல்ல அது. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர் உச்சியில் இருந்த துணிப் பூ ஒன்று கழன்று சாய்ந்தது. விழுந்தால் என் தலையில் விழும். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. மச்சாள் எட்டிப் பார்த்தாள், அவளுக்கு அது எப்படிக் கட்டியது என்று தெரியாது. அது தெரிந்தது ஒரு ஆளுக்குத்தான்.

அம்மா சபைக்கு நடுவால் வந்தார். மணவறையில் ஏறி, என் தலைக்கு மேலே கையை நீட்டி, பூவை நிமிர்த்தி, நூலை இறுக்கிக் கட்டினார். பிறகு இறங்கிப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். இன்னொரு பூவும் சாயலாம் என்று நினைத்திருப்பார்.

கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் நிற்கிறார்.

பூக்கள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. களுதாவளையிலிருந்து வந்த பிள்ளை 150ஐக் கொண்டுபோயிருக்கிறாள், அவளுக்குத் தையில் கலியாணம். மிச்சத்தைச் செய்து கொடுக்க அம்மாவும் அடுத்த வளவு மாமியும் கிழமைக்கு இரண்டு பின்னேரம் போகிறார்கள்.